குழந்தைக்கு மரணத்தைப் புரிய வைப்பது எப்படி: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அவளுடைய பாட்டி இறந்துபோனார். "பாட்டி நம்மளை விட்டுப் போயிட்டாங்கடா" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள், சரி, புரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பாட்டியின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அதன் ஒரு பக்கக் காலில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும், காதில் உறுத்தாமலிருக்க பாட்டியே சுற்றியது. "அம்மா, இதை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. அங்க எப்படிப் பேப்பர் படிப்பாங்க? நாம கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடலாமா?"

அவள் யோசித்ததில் ஒரு குறையும் இல்லை. போனவர் எதையாவது மறந்துவிட்டால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்தானே. நான் கொடுத்த வார்த்தை அப்படி. அன்றைக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன், என் பிள்ளைகளிடம் தப்பும் சரியுமாகப் பேசிப் பார்த்தேன். அதையெல்லாம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்போது யாரும் இறக்கவில்லை என்றால் படி 1-லிருந்து படியுங்கள். இன்றைக்கே சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்தால் நேராகப் படி 4-க்குப் போய்விடுங்கள், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

படி 1: குழந்தைக்குப் புரிய வேண்டியது என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நமக்கு மரணம் என்பது ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது. குழந்தைக்கு அது நாலு துண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் பிடிபடும். இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது ஒன்று. அவர் உடம்பில் எல்லாமே நின்றுவிட்டது, மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை, குளிராது, இருட்டைப் பார்த்துப் பயப்படமாட்டார் என்பது இரண்டாவது. உயிருள்ள எல்லாமே ஒருநாள் இறக்கும், அம்மாவும் அப்பாவும் நானும் அதில் அடக்கம் என்பது மூன்றாவது. நாலாவது, காரணம்: உடம்பு வேலை செய்ய முடியாமல் போவதால்தான் மரணம் வருகிறது, யாரோ கோபப்பட்டதாலோ தண்டனையாகவோ வருவதில்லை.

இதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் மரியா நாகி என்ற உளவியலாளர். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்திலும் அதைச் சுற்றியும் 3 முதல் 10 வயதுவரையான 378 குழந்தைகளிடம் பேசியும் எழுதச் சொல்லியும் வரையச் சொல்லியும் கிடைத்ததை 1948-ல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மரணம் ஒரு பயணம் மாதிரி, தூக்கம் மாதிரி. அதற்கு அடுத்த வயதில் பலர் மரணத்தை ஒரு ஆளாகவே, வந்து பிடித்துக்கொண்டு போகிறவனாகவே சொன்னார்கள். ஒன்பது வயதுக்கு மேல்தான் உடம்புக்கு நேர்வது, எல்லோருக்கும் நேர்வது என்று வந்தது. அந்த நடுக்கட்டம், அதாவது ஆளாகப் பார்ப்பது, பிற்காலத்தில் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அவ்வளவாகத் தென்படவில்லை. 1984-ல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, முதல் மூன்று துண்டுகளும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 5-லிருந்து 7 வயதுக்குள் வந்துவிடுவது தெரிந்தது. அதனால் உங்கள் நாலு வயதுப் பிள்ளை, இறந்த தாத்தாவுக்குப் பிறந்தநாள் எப்போது கொண்டாடலாம் என்று கேட்டால் பதற வேண்டாம். அந்த வயதுக்கு உரிய கேள்விதான் அது.

பொதுவாக, திரும்பி வரமாட்டார் என்பது முதலில் ஒட்டும். காரணம் கடைசியில் ஒட்டும். "நானும் இறப்பேன்" என்பதை, மற்ற எல்லோரும் இறப்பார்கள் என்று ஒப்புக்கொண்ட பிறகும், தனக்கும் தன் அம்மாவுக்கும் மட்டும் விலக்கு வைத்துக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டுகிற பிள்ளைகள் நிறைய.

படி 2: வீட்டில் யாரும் இறக்காதபோதே உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

விர்ஜீனியா ஸ்லாட்டர், மிஷேல் லயன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு மரணத்தைப் பற்றி எதுவுமே சொல்லாமல், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இதயம் எதற்கு, நுரையீரல் எதற்கு, வயிறு எதற்கு, இவையெல்லாம் சேர்ந்து நம்மை எப்படி உயிரோடு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், பாடம் முடிந்ததும் அந்தக் குழந்தைகளுக்கு மரணத்தைப் பற்றிய புரிதலும் தானாகவே தெளிவாகியிருந்தது. உயிர் எதனால் ஓடுகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, அது நின்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வழி கிடைத்துவிடுகிறது. ஸ்லாட்டர் 2007-ல் இன்னொரு ஆய்வும் செய்தார், 4 முதல் 8 வயதுவரை 90 குழந்தைகள். மரணம் என்றால் என்ன என்று நன்றாகப் புரிந்திருந்த குழந்தைகளுக்குத்தான் மரண பயம் குறைவாக இருந்தது. விவரம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நாம் நினைப்பது எவ்வளவு தலைகீழ் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதை எப்படிச் செய்வது? குழந்தையின் கையை அதன் நெஞ்சில் வைத்து, "தொம் தொம்னு அடிக்குதா? இதுதான் ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புது, நீ தூங்கும்போதும் அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லுங்கள். ஜன்னலோரம் ஒரு வண்டு மல்லாந்து கிடந்தால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். என் மகன் ஒரு தரம் அப்படி ஒரு வண்டுப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஊதினான். ஒரு இலைத்துண்டை வாய்ப்பக்கம் வைத்தான். விரலால் திருப்பி நிமிர்த்தி விட்டான், நடக்கும் என்று காத்திருந்தான். "இதுக்குப் பசிக்கலையா?" "இல்லடா. செத்துப்போச்சு. இனிமே அதுக்குப் பசிக்காது, வலிக்காது, நடக்க முடியாது." "நாளைக்கு?" "நாளைக்கும்தான்." மறுநாள் காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்தான். அந்த வண்டு அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு மணி நேரம் பேசியும் சொல்லியிருக்க முடியாது.

வாடிய செடி, காய்ந்த இலை, மீன்தொட்டியில் மிதக்கும் மீன், எல்லாமே இதற்கு உதவும். மீன் செத்ததும் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கிப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 3: வார்த்தையைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

"இறந்துவிட்டார்" என்று சொல்லாமல் சொல்ல நம் மொழியில் எத்தனை வழி இருக்கிறது பாருங்கள்: காலமானார், தவறிவிட்டார், மறைந்தார், கண்ணை மூடிவிட்டார், போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவர்களுக்குள் இவை மரியாதையான வார்த்தைகள்தான். ஆனால் ஒரு நாலு வயதுக் காதால் கேட்டுப் பாருங்கள். "தவறிட்டாங்க" என்றால் கை தவறித் தட்டு விழுகிற மாதிரி எங்கேயோ விழுந்துவிட்டார்கள். "மறைஞ்சுட்டாங்க" என்றால் கண்ணாமூச்சி, தேடினால் கிடைப்பார்கள். "கண்ணை மூடிட்டாங்க" என்றால் திறக்க வேண்டியதுதானே. "போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றால் அங்கிருந்து போன் பண்ணுவார்கள்.

தூக்கத்தைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். "தாத்தா தூங்கிட்டார், இனிமே எந்திரிக்கமாட்டார்" என்று கேட்ட பிள்ளை ராத்திரி படுக்கப் பயப்படும், அம்மா கண்ணசந்தால் உலுக்கி எழுப்பும். "வெளியூர் போயிருக்காங்க" என்பது அதைவிட மோசம், தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் என்ற வருத்தத்தில் பிள்ளை மாதக்கணக்கில் காத்திருக்கும், ஒருநாள் உண்மை தெரிந்தால் உங்கள் பேச்சையும் நம்பாது. "ரொம்ப நல்லவங்க, அதான் கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்" என்றால், நல்ல பிள்ளையாக இருப்பதே ஆபத்து என்று ஆகிவிடும். "உடம்பு சரியில்லாம இறந்துட்டாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த சளிக்கே பிள்ளை நடுங்கும், அதனால் "நமக்கெல்லாம் வர்ற சளி காய்ச்சல் மாதிரி இல்ல, இது ரொம்ப ரொம்பப் பெரிய வியாதி, டாக்டருங்க எவ்வளவோ பார்த்தும் சரிபண்ண முடியல" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். "வயசானதால" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, உங்கள் பிள்ளை கணக்கில் நீங்களே வயதானவர்தான்.

அப்படியானால் எந்த வார்த்தை? "இறந்துட்டாங்க." அதுவே போதும். எறும்புக்கும் வண்டுக்கும் "செத்துப்போச்சு" என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த வார்த்தை புதிதாக இருக்கலாம். ஒரே ஒரு தடவை முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள்: "அந்த வண்டு செத்துப்போச்சுன்னு சொன்னோம்ல, மனுஷங்களுக்கு அதையே இறந்துட்டாங்கன்னு சொல்லுவோம்."

படி 4: செய்தியைச் சொல்லும் நாள்

குழந்தை யாரை அதிகம் நம்புகிறதோ அவரே சொல்லட்டும். நீங்கள் பேசவே முடியாத நிலையில் இருந்தால் இன்னொருவர் சொல்லலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒத்திப்போடாதீர்கள், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் கிசுகிசுப்பதையும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதையும் பார்க்கிற பிள்ளை, உண்மையைவிடப் பயங்கரமாக எதையாவது தானே கற்பனை செய்துகொள்ளும்.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அதன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, "உன்கிட்ட ஒரு வருத்தமான விஷயம் சொல்லணும். தாத்தா இன்னைக்குக் காலையில இறந்துட்டார். அவரோட இதயம் ரொம்ப பலவீனமாயிருந்துச்சு, அடிக்கிறதை நிறுத்திடுச்சு. இனிமே அவரால மூச்சு விடவோ பேசவோ முடியாது. அவருக்கு இப்ப வலி எதுவும் இல்ல. அவர் திரும்பி வரமாட்டார்." அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம், அந்த மௌனத்தை நிரப்ப நமக்கு என்னென்னவோ சொல்லத் தோன்றும். குழந்தை அழலாம், ஒன்றும் கேட்காமல் வெளியே விளையாடப் போகலாம், "சரி, நான் இப்ப கார்ட்டூன் பார்க்கட்டுமா?" என்று கூடக் கேட்கலாம். எதுவும் தப்பில்லை. கல்மனசு என்று யாராவது சொன்னால் குழந்தை காதில் விழாதபடி அவர்களைத் தள்ளி அழைத்துப் போங்கள்.

நீங்கள் அழுதால் மறைக்க வேண்டாம். "தாத்தா ஞாபகம் வந்துச்சு, அதான் அழறேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

படி 5: வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகளுக்கு நீங்களாகவே பதில் சொல்லுங்கள்

குழந்தைகள் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்: என்னாலதான் ஆச்சா? எனக்கும் வருமா? இனிமே என்னை யார் பார்த்துக்குவாங்க?

முதலாவது மிக முக்கியம். ஐந்தாறு வயதில், தான் நினைப்பதெல்லாம் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். "நீ செத்துப்போ" என்று தம்பியைக் கத்தியிருக்கும், பாட்டி கூப்பிட்டபோது ஓடி ஒளிந்திருக்கும். அதை யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் சுமக்கிற பிள்ளைகள் உண்டு. கேட்கிறதோ இல்லையோ, நீங்களே சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னதாலயோ நினைச்சதாலயோ செஞ்சதாலயோ இது நடக்கல. கோபத்துல நினைக்கிறதால யாரும் இறந்துபோறதில்ல."

இரண்டாவதுக்கு, படி 3-ல் பார்த்த மாதிரி, சாதாரண சளி காய்ச்சலையும் அந்தப் பெரிய வியாதியையும் பிரித்துச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு "நான் சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம். "நான் ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நினைக்கிறேன், அதுக்காக என் உடம்பை நல்லாப் பார்த்துக்கிறேன்" என்பது உண்மை. அதோடு பெயர் சொல்லுங்கள். என் மகள் கேட்டபோது, எனக்கும் அவள் அப்பாவுக்கும் ஏதாவது ஆனால் யார் யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று மூன்று பெயரை ஒரு காகிதத்தில் எழுதினோம், சித்தி பெயர் முதலில். அதைத் தன் பென்சில் டப்பாவுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை. (சம்பந்தப்பட்ட பெரியவர்களிடம் முதலில் பேசிவிட்டு எழுதுங்கள்.)

படி 6: கடைசியாகப் பார்க்க அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், அங்கே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அதுவே வருகிறேன் என்றால். தாத்தா அசையாமல் படுத்திருப்பார், தொட்டால் சில்லென்று இருக்கும், நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள், அப்புறம் இன்னது செய்வோம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். உடம்பைப் புதைக்கப்போகிறீர்களோ எரிக்கப்போகிறீர்களோ, அதைச் சொல்வதற்கு முன் "அந்த உடம்புக்கு இப்ப வலி தெரியாது" என்பது அதன் மனதில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தகவல் ராத்திரியில் வந்து மிரட்டும். வேண்டாம் என்றால் இழுத்துப் போகாதீர்கள். முத்தம் கொடு, தொட்டுக் கும்பிடு என்று யாரும் கட்டாயப்படுத்தவும் விடாதீர்கள். அந்தக் குழந்தைக்கென்றே ஒரு பெரியவரை நியமித்துவிடுங்கள், அவருக்கு அன்றைக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது, பிள்ளை "போதும்" என்றால் வெளியே கூட்டிக்கொண்டு போகிற ஆள் அவர்.

படி 7: உங்கள் நம்பிக்கையைச் சொல்வதென்றால், உடம்புக்கு அப்புறம் சொல்லுங்கள்

ஆன்மா, சொர்க்கம், மறுபிறவி, எதுவுமில்லை என்கிற நம்பிக்கை, எதுவானாலும் உங்கள் வீட்டு வழக்கப்படி சொல்லுங்கள். குழந்தைகள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வார்கள். 2004-ல் பெரிங், பியோர்க்லண்ட் என்ற ஆய்வாளர்கள் ஒரு பொம்மை நாடகத்தில் முதலை எலியைத் தின்றுவிடுவதைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். எலிக்கு இனி மூளை வேலை செய்யாது என்று சொன்ன குழந்தைகளிலேயே பலர், அது இன்னும் தன் அம்மாவை நேசிக்கும் என்றார்கள். அதில் முரண் எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

வரிசை மட்டும் மாறக் கூடாது. உடம்பு நின்றுவிட்டது, திரும்பி வராது என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் "நாங்க இப்படி நம்புறோம்" என்று ஆரம்பியுங்கள். வானத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் சொன்னால் விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றுதான் கேட்கும், என் மகள் மூக்குக்கண்ணாடியோடு வந்த மாதிரி.

படி 8: திரும்பத் திரும்ப வரும், விட்டு விட்டு வரும்

பெரியவர்களின் துக்கம் ஆறு மாதிரி, நடுவில் நின்று நனைந்துகொண்டே இருக்கிறோம். குழந்தைகளின் துக்கத்தை மழைநீர்த் தேங்கலோடு ஒப்பிடுவார்கள், குதித்து இறங்கும், அழும், வெளியே வந்து விளையாடும், ஒரு மணி நேரத்தில் மறுபடியும் இன்னொன்றில் இறங்கும். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, நீங்கள் சொன்னது மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பதினோராவது தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பொம்மையைப் படுக்கவைத்து இறந்த விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த விளையாட்டே காட்டிவிடும்.

படுக்கையை நனைப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது, வயிற்றுவலி, இவையெல்லாம் கொஞ்ச நாள் இருக்கும். பள்ளியிலும் சொல்லி வையுங்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம் மாறாமல் இருப்பது பேச்சைவிட ஆறுதல். ஆனால் மாதங்கள் கடந்தும் பள்ளிக்கே போக முடியவில்லை, விளையாட்டே இல்லை, இறந்தவரோடு போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள். அந்தக் கடைசி ஒன்றைக் கேட்டால் மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். நீடித்த துக்கத்தை ஒரு நோயாகவே 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள், பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்த அளவு குழந்தைகளுக்கு 6 மாதம்தான்.

தற்கொலையால் நேர்ந்த மரணமாக இருந்தால் விவரங்கள் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "அவங்க மனசுக்குள்ள ரொம்பப் பெரிய வியாதி இருந்துச்சு, அதுல சரியா யோசிக்க முடியாம தன் உடம்பை அவங்களே நிறுத்திட்டாங்க. யாராலும் அது நடக்கல, உன்னாலயும் இல்ல." வேறு யாரோ பள்ளியில் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 9: இறக்கப்போவது அந்தக் குழந்தையே என்றால்

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் தேவைப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளோடு மருத்துவமனையில் நாள்கணக்கில் இருந்து பார்த்தார். யாருமே சொல்லாவிட்டாலும், தாங்கள் இறக்கப்போவது அந்தச் சின்னக் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் வருந்துவார்களே என்று தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். 2004-ல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த ஆய்வில், புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டிருந்தார்கள். தங்கள் பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். நீங்களாக ஆரம்பிக்க முடியாவிட்டால், குழந்தை ஆரம்பிக்கும்போது பேச்சை மாற்றாமல் இருங்கள். "நீ என்ன நினைக்கிற, சொல்லு" என்றால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

படி 10: நாலைந்து வருஷம் கழித்து மறுபடியும் கேட்பார்கள், அதற்கு இப்போதே எழுதி வையுங்கள்

நாலு வயதில் புரிந்தது அந்த வயதுக்கு உரியது. எட்டு, ஒன்பது வயதில், அப்புறம் பதின்ம வயதில், அதே மரணத்தைப் புதிதாக எடுத்து வைத்துக்கொண்டு யோசிப்பார்கள், சிலர் அப்போதுதான் முதல்முறையாக அழுவார்கள். போன வருஷம் என் மகள், இப்போது அவளுக்கு ஒன்பது, கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "பாட்டிக்குக் கடைசில வலிச்சுதாம்மா?" "வலிச்சுது. மருந்து குடுத்ததும் குறைஞ்சுது." "அப்ப நான் எங்க இருந்தேன்?" எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. என் தங்கைக்குப் போன் பண்ணிக் கேட்டுத்தான் சொன்னேன், அவள் சித்தி வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

என்ன தேதி, என்ன நோய், கடைசியாக அவர் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார், அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருந்தது, யார் அதற்குச் செய்தி சொன்னது, அது என்ன பதில் சொன்னது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் இந்த வாரமே எழுதி, ஒரு போட்டோவும் சொருகி, பத்திரமாக வைத்துவிடுங்கள்.